ஸ்டாப்வாட்ச்சுக்குத் தெரியாத வயது

நீச்சல்காரர்களுக்குத் தங்கள் விளையாட்டைப் பற்றி ஒரு பெருமை உண்டு. கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் தேர்வாளரின் கண்ணில் பட வேண்டும். எந்த ஊர், எந்த கிளப், யாருடைய பிள்ளை என்ற விசாரணை வரும். நீச்சல் குளத்தில் அதெல்லாம் கிடையாது. கை சுவரைத் தொட்டதும் நொடியில் நூறில் ஒரு பங்குவரை எண் வந்து நின்றுவிடும். அந்த எண்ணுக்குச் சாதியும் தெரியாது, சிபாரிசும் தெரியாது. "டைமிங் இருந்தா செலக்‌ஷன், இல்லைன்னா வீட்டுக்குப் போ" என்று கோச் சொல்வதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் நேர்மை என்று எடுத்துக்கொள்ளப் பெற்றோரும் பழகிவிட்டார்கள். சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இது வசதி. யாரும் வந்து சண்டை போட முடியாது. ரிசல்ட் ஷீட்டைக் காட்டினால் போதும்.

இந்தப் பெருமையில் பாதி நியாயம் இருக்கிறது. கடிகாரம் பொய் சொல்வதில்லை. ஆனால் அதனிடம் நாம் கேட்கும் கேள்வி எது என்பதைப் பார்க்க வேண்டும். இன்று காலை நடந்த 100 மீட்டரை முதலில் முடித்தவர் யார் என்று கேட்டால் அதைவிடத் துல்லியமாக யாராலும் பதில் சொல்ல முடியாது. பத்தாண்டு கழித்து வேகமாக நீந்தப்போகிறவர் யார் என்று கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. திறமை தேடல் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதன் கீழ் எழுதி, முழு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வதுதான் இன்றைய நடைமுறை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: 11 வயதிலிருந்து 14 வயதுவரை, பதக்கம் யாருக்கு என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும். விடுதியில் இடம், உதவித்தொகை, முகாமுக்கான அழைப்பு ஆகியவற்றை அந்த ஒரே எண் தீர்மானிக்கக் கூடாது. இதைச் சொன்னதும் வரக்கூடிய மறுப்புகள் அனைத்தும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகவே பார்க்கலாம்.

அதற்கு முன் விதி. உலக நீச்சல் கூட்டமைப்பின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று ஒருவருக்கு எத்தனை வயதோ, அதுவே அந்த ஆண்டு முழுவதும் அவருடைய வயது. இந்தியாவின் வயதுப் பிரிவுப் போட்டிகளும் பிறந்த ஆண்டைத்தான் கணக்கில் எடுக்கின்றன. எனவே ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்த பிள்ளையும் காகிதத்தில் ஒரே வயது. உண்மையில் இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு. 11 வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது அது வாழ்ந்த வாழ்க்கையில் பதினொன்றில் ஒரு பங்கு. நம் ஊரில் குரூப் ஒன், குரூப் டூ என்று ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்த ஆண்டுகளைச் சேர்த்து ஒரே பிரிவாக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்போது இடைவெளி இன்னும் பெரிது. அந்த வயதில் ஒரு பையன் ஒரே ஆண்டில் பள்ளிச் சீருடையை இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம்.

நீச்சலில் உடல் அளவுக்கு இருக்கும் மதிப்பு தனி. நீளமான உடல் அதே வேகத்தில் போகும்போது குறைவான அலையை எழுப்புகிறது; தண்ணீரின் எதிர்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. நீண்ட கையும் பெரிய உள்ளங்கையும் ஒவ்வொரு வீச்சிலும் அதிகத் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து பாயும் தூரமும் டர்ன் முடிந்து சுவரை உதைக்கும் விசையும் கால் தசையைப் பொறுத்தவை. கடைசியில் சுவரைத் தொடும்போதுகூட உயரமானவனின் விரல் முன்னால் இருக்கிறது. 50 மீட்டர் போன்ற குறுகிய தூரத்தில் இவை எல்லாம் சேர்ந்து கொடுக்கும் ஆதாயத்தை எந்த நுணுக்கமும் எளிதில் ஈடுகட்டாது.

இந்த உடல் எப்போது வரும் என்பது பிறந்த தேதியோடு மட்டும் முடிவதில்லை. உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதையும் ஆண்களுக்கு 14 வயதையும் ஒட்டி வருகிறது. அந்த உச்சத்தில் ஒரு பையன் ஆண்டுக்கு 9 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளர்வான். ஆனால் இது சராசரி. ஒருவனுக்கு 12லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16வரை வராது. ஒரே நாளில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு முதிர்ச்சியில் பல ஆண்டு வித்தியாசம் இருக்க முடியும். 110 நாள் நெல் ரகத்தையும் 150 நாள் ரகத்தையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, 80ஆம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் ஒன்று பூத்திருக்கும், மற்றது வெறும் பச்சையாக நிற்கும். பூக்காததை மாட்டுக்கு அறுத்துப் போடும் விவசாயி எவரும் இல்லை. நம் தேர்வுக் குழுக்கள் அதைத்தான் செய்கின்றன.

இது நீச்சலில் மட்டும் நடப்பதில்லை. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் எண்ணிப் பார்த்தபோது, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. அங்கே வயதுக் கணக்கின் எல்லை ஜனவரி 1. அதன்பிறகு எத்தனையோ நாடுகளில், எத்தனையோ விளையாட்டுகளில் இதே வடிவம் தென்பட்டது. கால்பந்துக்காரர்களும் ஹாக்கிக்காரர்களும் இதைத் தேர்வாளர்களின் கண் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம். நீச்சலுக்கு அந்த வழியும் இல்லை. இங்கே யாரும் கண்ணால் தேர்ந்தெடுக்கவில்லை. கடிகாரத்தால் தேர்ந்தெடுத்தும் அதே சாய்வு வருகிறது.

ஆஸ்திரேலியாவில் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். சிட்னியில் ஸ்டீஃபன் கோப்லியும் கூட்டாளிகளும் அந்நாட்டின் தேசிய அளவிலான வயதுப் பிரிவு நீச்சல் வீரர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். 12 வயதில் முன்னால் பிறந்தவர்களின் ஆதிக்கம் மிக அதிகம். வயது ஏற ஏற அது குறைகிறது. பதின்பருவத்தின் நடுவே மறைந்துபோகிறது. 17, 18 வயதில் சில பிரிவுகளில் தலைகீழாகவே திரும்பி, பின்னால் பிறந்தவர்கள் அதிகமாகத் தெரிகிறார்கள்.

கடைசி விவரத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதல் மறுப்பு வருகிறது. "பார்த்தீர்களா, 17 வயதில் தானாகவே சரியாகிவிடுகிறதே! பிறகு எதற்கு இந்தக் கூச்சல்?"

சரியாகிவிடுவது எங்கே? அதுவரை குளத்தில் தங்கியவர்களிடையே. 13 வயதில் 'டைமிங் வரவில்லை' என்று நின்றுபோனவர்கள் 17 வயதுப் பட்டியலில் எந்தக் காலாண்டில் பிறந்தவர்களின் கணக்கிலும் இல்லை. அவர்களை யாரும் எண்ணுவதில்லை. மேலும், அந்த ஆதாயம் 17 வயதுக்குள் மறைகிறது என்பதே அது திறமையாக இருக்கவில்லை என்பதற்கான அத்தாட்சி. திறமையாக இருந்திருந்தால் உடல்கள் சமமான பின்னும் நிலைத்திருக்க வேண்டும். அப்படியானால் 12இலிருந்து 16வரை நாம் விடுதியிலும் முகாமிலும் கொட்டிய பணத்தில் ஒரு பெரும் பகுதி திறமைக்குப் போகவில்லை, பிறந்த மாதத்துக்குப் போயிருக்கிறது. இதைத் 'தானாகவே சரியாகிவிடும்' என்று சொல்பவர், செலவுக் கணக்கைப் பார்க்காமல் பேசுகிறார்.

கணக்கு சிறியதும் இல்லை. 2017இல் மத்திய அரசு விரிவாக்கிய கேலோ இந்தியா திட்டம், தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகள் செலவிடுவதாக அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் 8 ஆண்டுக்கான கதவை, ஒரு பிள்ளையின் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்காத ஓர் எண்ணைக் கொண்டு திறந்து மூடினால், அரசுப் பணம் எங்கே போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கறாரானது. அந்நாட்டு நீச்சல் அமைப்பில் பணியாற்றிய உடலியல் ஆய்வாளர் கெனாடியுஸ் சோகோலோவாஸ், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எல்லாக் காலத்துக்குமான முதல் நூறு நேரங்களின் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். 17-18 வயதுப் பட்டியலில் இருந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் 10 வயதுக்குட்பட்டோர் பட்டியலிலும் இருந்தார். அத்தனை பெரிய நாட்டில், அத்தனை போட்டிகள் நடத்தி, அத்தனை துல்லியமாக நேரம் எடுத்து, சிறு வயதுப் பட்டியல் கணித்த எதிர்காலம் இவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு மேடைப் பேச்சுக்கு ஏற்றது: "உண்மையான திறமை எப்படியும் மேலே வந்துவிடும். ஆடம் பீட்டி டிசம்பர் 28இல் பிறந்தவர்தானே?" ஆம். 1994 டிசம்பர் 28. டிசம்பர் 31 விதியின் கீழ் இதைவிட மோசமான பிறந்த நாள் கிடைப்பது அரிது. அவர்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 57.13 நொடியில் வென்றார். 2019இல் 57 நொடிக்குக் கீழே போன முதல் மனிதரானார். அவரைக் காட்டி விதி சரி என்பவர், ஆற்றைக் கடந்தவரிடம் மட்டும் வெள்ளத்தைப் பற்றி விசாரிக்கிறார். பீட்டி 14 வயதில் டெர்பி கிளப்புக்கு வந்தபோது அவரைக் கவனித்து, பொறுத்திருந்து வளர்த்த மெலனி மார்ஷல் என்ற பயிற்சியாளர் இருந்தார். அப்படி ஒருவர் வாய்க்காத டிசம்பர் பிள்ளைகளின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதுதான் பிரச்சினையே.

இன்னும் சிலர் இயன் தோர்ப்பைக் காட்டுவார்கள். அக்டோபரில் பிறந்தவர், 15 வயதில், 1998 பெர்த் உலகப் போட்டியில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்றார். பிறந்த மாதம் தடையில்லை என்பதற்கு இது சான்றாம். அந்த வயதில் அவருக்கு வாய்த்திருந்தது வளர்ந்த ஆளின் உடல். பிறந்த தேதியில் பின்னால் இருந்தவர் முதிர்ச்சியில் வெகு முன்னால் இருந்தார். அந்த உதாரணம் என் வாதத்துக்குத்தான் துணை வருகிறது: காகித வயதும் உடலின் வயதும் வேறு வேறு, கடிகாரம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. தோர்ப்பின் மேதைமையை யாரும் குறைக்கவில்லை. ஆனால் தோர்ப் போன்றவர்களைக் கண்டுபிடிக்கத் தேர்வுக் குழுவே தேவையில்லை; குளத்தின் ஓரத்தில் நிற்கும் வாட்ச்மேனுக்கே தெரியும்.

நம் நாட்டுக் கதையையும் பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தோடு போன இந்திய நீச்சல் வீரர்கள் இருவர். ஸ்ரீஹரி நடராஜ் 2001 ஜனவரி 16இல் பிறந்தவர். ஜனவரியில் பிறந்ததால் அவர் திறமை குறைந்தவர் என்று புத்தி உள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். மற்றவர் சஜன் பிரகாஷ். 1993 செப்டம்பரில் பிறந்தவர். அவருடைய தாய் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்த விளையாட்டு வீராங்கனை. நெய்வேலியில் வளர்ந்து அங்கேதான் நீந்தத் தொடங்கினார் சஜன். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானபோது அவருக்கு 27 வயது. இந்திய நீச்சலின் அந்த முதல் வரலாற்று எண் 27 வயதில் வந்தது. நாமோ 12 வயதில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு கண்டிப்பின் பெயரால் வருவது. "கஷ்டப்பட்டால்தான் பிள்ளைகள் உரமேறுவார்கள். பெரியவர்களோடு மோதித் தோற்கட்டும்." இதற்கு ஆய்வு ஆதரவும் இருப்பதாகச் சொல்வார்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 1980 முதல் 2006 வரை தேர்வானவர்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள், தாங்கள் தேர்வான இடத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார்கள் என்று தெரிந்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு எது? அவர்களைத் தேர்வாளர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது. பத்துப் பேரில் எட்டுப் பேரைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய இருவர் கெட்டிக்காரர்களாக இருப்பதைக் கண்டு தள்ளிவிட்டதே நல்ல பயிற்சி என்று சொல்வது வேடிக்கை. தோல்வி அவ்வளவு நல்ல மருந்து என்றால் ஜனவரிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அதைக் கொடுக்க மறுக்கிறோம்?

உண்மையில் அந்த முன்னால் பிறந்த பிள்ளைக்கும் நாம் அநியாயமே செய்கிறோம். 12 வயதில் ஸ்டேட் மீட்டில் நான்கு தங்கம். நாளிதழில் படம். "சாம்பியன்" என்று ஊரே அழைக்கிறது. உடல் பலத்தால் ஜெயிக்கும்வரை டர்னையும் மூச்சையும் செம்மைப்படுத்த வேண்டிய அவசியமே வருவதில்லை. 16இல் மற்றவர்களின் உடல் வந்து சேர்ந்துவிடுகிறது. நேரம் அங்கேயே நிற்கிறது, பக்கத்து லேன் முந்திப் போகிறது. அவன் சோம்பேறியாகிவிட்டான், கவனம் சிதறிவிட்டது என்று பேச்சு வருகிறது. அவனிடம் எதுவும் மாறவில்லை. நாம் கடனாகக் கொடுத்த புகழைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

பெண்களிடம் இது இன்னும் கொடுமை. சீக்கிரம் பருவமடைந்த சிறுமி 11, 12 வயதில் முன்னணியில் இருப்பாள். பிறகு உடலமைப்பு மாறும். இடுப்பு அகலும், எடை கூடும், நேரம் சில காலம் முன்னேறாமல் நிற்கும், பின்னால்கூடப் போகும். இது இயல்பான உடலியல். நம் குளக்கரையில் அதற்குக் கிடைக்கும் பெயர் "உடம்பு போட்டுடுச்சு". பயிற்சியாளர் கிலோவைக் குறைக்கச் சொல்வார், வீட்டில் "பெரிய மனுஷி ஆகிட்டா, இனி எதுக்கு நீச்சல் டிரஸ்ஸு?" என்பார்கள். பிந்தி வளரும் சிறுமியோ அதற்கு முன்பே டைமிங் இல்லை என்று அனுப்பப்பட்டிருப்பாள். முந்தியவள் பருவத்தால் போகிறாள், பிந்தியவள் பட்டியலால் போகிறாள். பிறகு பெண்கள் பிரிவில் ஆளே இல்லை என்று கூட்டம் போட்டுப் புலம்புகிறோம்.

நான்காவது மறுப்புத்தான் நம் ஊருக்கே உரியது. சங்கக்காரர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "சார், இங்கே பிரச்சினை ஜனவரியா டிசம்பரா என்பதே இல்லை. பாதிப் பேரின் பர்த் சர்டிஃபிகேட்டே சந்தேகம். முதலில் வயது மோசடியை ஒழிப்போம். இந்த நுணுக்கமெல்லாம் அப்புறம்."

மோசடி இருக்கிறது. அதற்காகவே 2010இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய அளவில் விதித்தொகுப்பு கொண்டுவந்தது. ஆனால் ஒரு கேள்வி. பிள்ளையின் வயதில் ஓர் ஆண்டைக் குறைக்க ஒரு தகப்பன் ஏன் காசு கொடுக்கிறான்? ஓர் ஆண்டு அதிக வயதுக்குக் குளத்தில் விலை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் கண்டதை அவன் முதல் இரண்டு மீட்டிலேயே கண்டுகொண்டான். அந்த விலையைச் சான்றிதழால் வாங்கினால் மோசடி, பிறந்த தேதியால் இலவசமாகக் கிடைத்தால் திறமை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். வயதுக்கு இவ்வளவு விலை வைத்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, அதை வாங்க வருகிறவர்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பிடிப்பதற்கு முடிவே இராது. விடுதி இடமும் உதவித்தொகையும் 12 வயது நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை போலிச் சான்றிதழுக்குக் கிராக்கி இருக்கும். மோசடியை ஒழிப்பதும் இதுவும் ஒரே வேலை. அப்புறம் என்று தள்ளிப்போட முடியாது.

இதில் அதிகம் அடிபடுவது நேர்மையான சான்றிதழோடு வரும் டிசம்பர் பிள்ளை. தன் ஆண்டின் ஜனவரிக்காரனோடும் மோத வேண்டும், மேல் ஆண்டிலிருந்து காகிதத்தால் இறங்கி வந்தவனோடும் மோத வேண்டும். மோசடியைப் பிடிக்க எடுக்கும் எலும்பு எக்ஸ்ரேயும் முழுத் தீர்வு தராது. அது காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை. பிறந்த தேதியை அல்ல. உண்மையாகவே 13 வயதான ஒருவனின் எலும்பு 15 என்று சொல்லலாம். அப்போது சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பிள்ளை திருடன் ஆகிறான், மெதுவாக வளரும் பொய்க்காரன் தப்பிக்கிறான். காகிதத்தின் வயது, எலும்பின் வயது, பயிற்சியின் வயது (நீந்தத் தொடங்கி எத்தனை ஆண்டு) ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நியாயம் கிடைக்காது.

சரி, தீர்வு என்ன? எளிதாக மனதில் தோன்றுவது எல்லைத் தேதியை மாற்றுவது. பெல்ஜியம் கால்பந்தில் 1997இல் ஆகஸ்ட் 1 என்ற எல்லையை ஜனவரி 1 ஆக மாற்றினார்கள். பாரபட்சம் போகவில்லை, ஆகஸ்டில் பிறந்தவர்களை விட்டு ஜனவரியில் பிறந்தவர்களிடம் குடியேறியது. அமெரிக்க நீச்சலில் இருப்பதுபோல் போட்டி தொடங்கும் நாளின் வயதை எடுத்துக்கொள்வது சற்று மேல். ஆண்டின் வெவ்வேறு மீட்டுகளில் வெவ்வேறு பிள்ளைகளுக்கு வாய்ப்பு சுழலும். ஆனால் முக்கியமான சாம்பியன்ஷிப் ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் நடந்தால், அதற்கு முந்தின வாரம் பிறந்த நாள் வரும் பிள்ளை எப்போதும் தன் பிரிவில் ஆகச் சிறியவனாகவே வந்து நிற்பான்.

இதைவிட உருப்படியான வழியை அதே கோப்லியும், சுவிட்சர்லாந்தின் மிக்கேல் ரோமனும் சேர்ந்த குழு 2019இல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குச் செய்து காட்டியது. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் நேரம் எப்படிக் குறைந்துவருகிறது என்பதிலிருந்து, வயதின் வித்தியாசத்துக்கு எவ்வளவு நேரம் ஈடாகும் என்று கணித்தார்கள். அந்த அளவுக்கு ஒவ்வொருவரின் நேரத்தையும் திருத்தி மறுபடி வரிசைப்படுத்தியபோது, முன்னணிக்காரர்களிடையே பிறந்த மாதத்தின் சாய்வு மறைந்தது. இங்கிலாந்துக் கால்பந்து அகாதமிகள் 2015இலிருந்து இன்னொரு வழியை முயன்றன. எதிர்பார்க்கப்படும் முழு உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதன்படி பிள்ளைகளைச் சேர்த்து ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள் முதன்முறையாகத் தலையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது; பிந்தியவர்களுக்கு முதன்முறையாகப் பந்து கிடைத்தது.

"இது சலுகை, தர்மம், தோற்றவனுக்கு மார்க் போடுவது" என்பது ஐந்தாவது மறுப்பு. பதக்கத்தை யாரும் பிடுங்கவில்லை. முதலில் தொட்டவருக்கே தங்கம், ரெக்கார்டும் அவருடையதே. இரண்டாவதாக ஒரு பட்டியல் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்தப் பட்டியலில் வயதுக்குத் திருத்திய நேரம், நீந்தத் தொடங்கி எத்தனை ஆண்டு, கடந்த ஓராண்டில் எவ்வளவு உயரம் கூடியது, எவ்வளவு நேரம் குறைந்தது ஆகியவை இருக்கும். வீட்டருகே குளம் இருந்து ஆறு ஆண்டு பயிற்சி எடுத்தவனும், கோடைக்கால முகாமில் தொடங்கி இரண்டே ஆண்டு நீந்தியவனும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டால், இருவரும் சமம் என்று எந்த அனுபவமுள்ள கோச்சும் தனியாகக் கேட்டால் சொல்ல மாட்டார். தனியாகத் தெரிந்த அந்த உண்மையைக் காகிதத்தில் ஏற்றுவதற்குப் பெயர் தர்மம் ஆகாது.

இந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. நாள் கணக்கில் திருத்தும் முறை பிறந்த தேதியின் அநீதியை மட்டும் சரிசெய்யும், முதிர்ச்சியின் அநீதியைத் தொடாது. ஜனவரியில் பிறந்து பிந்தி வளரும் பிள்ளையை அது இன்னும் பின்னுக்குத் தள்ளக்கூடும். ஆஸ்திரேலியப் பிள்ளைகளின் வளர்ச்சிக் கோட்டை அப்படியே எடுத்து வந்து சென்னைப் பிள்ளைகள்மேல் போடவும் முடியாது. ஸ்ட்ரோக்குக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி என்று நம் தரவிலிருந்தே கட்ட வேண்டும். எனவே திருத்திய நேரத்தை இன்னொரு தெய்வமாக்கும் ஆசை எனக்கு இல்லை. குறையுள்ள இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது, குறையே இல்லை என்று நம்பி ஒன்றை மட்டும் பார்ப்பதைவிட நல்லது என்பதே என் கட்சி.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் அமர்ந்த நிலை உயரத்தையும் எடையையும் எழுதிவைக்க ஓர் அளவு டேப்பும் எடை மெஷினும் நோட்டுப் புத்தகமும் போதும். பிள்ளை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த நோட்டே பெருமளவு சொல்லிவிடும். பல ஆண்டுகளைச் சேர்த்த பிரிவுகளை ஒற்றை ஆண்டாகப் பிரிக்கலாம். மீட் சற்று நீளும், அவ்வளவுதான். 11 முதல் 14 வரை குறைவான பேருக்கு நிறையச் செலவழிப்பதை விட்டு, நிறையப் பேருக்குக் கொஞ்சமாகச் செலவழிக்கலாம். 16, 17 வயதில் முதன்முறையாக நேரம் காட்டுகிறவர் உள்ளே வர ஒரு கதவைத் திறந்தே வைக்க வேண்டும். இப்போது அந்த வயதில் வந்து நிற்பவரிடம் "இத்தனை நாள் எங்கே இருந்தே?" என்று கேட்கிறோம். அவர் இங்கேதான் இருந்தார், நான்காம் ஹீட்ஸில்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் நம்ப மறுத்தால், அவருக்கு ஒரு சவால் வைக்கிறேன். எனக்கு எதிராகத் தீர்ப்பு வரக்கூடிய சவால்தான். மாநிலச் சங்கங்களிடமும் இந்திய நீச்சல் கூட்டமைப்பிடமும் பதிவான வீரர்களின் முழுப் பிறந்த தேதி இருக்கிறது. வெளியிடும் முடிவுகளில் பெரும்பாலும் பிறந்த ஆண்டு மட்டுமே வருகிறது. கடந்த பத்தாண்டு சிறுவர் பிரிவு இறுதிப் போட்டியாளர்களை எடுத்து, பெயரை மறைத்து, எந்தக் காலாண்டில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று எண்ணி வெளியிடட்டும். ஆண்டு முழுவதும் பிறப்புகள் சமமாக நடப்பதில்லை என்பதால், பிறப்புப் பதிவேட்டில் அந்தந்த ஆண்டின் காலாண்டுப் பங்கோடு ஒப்பிட்டுக் காட்டட்டும். ஒரு கிளார்க்குக்கு ஒரு வார வேலை. இரண்டு பங்கும் ஒத்துப்போனால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஒத்துப்போகாவிட்டால், நாம் இத்தனை ஆண்டு திறமைக்கு என்று கொடுத்த விடுதி இடங்களில் ஒரு பகுதியை நாட்காட்டிக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைப் போடவே மறுப்பவர்கள், கடிகாரத்தின் நேர்மையைத் தங்கள் நேர்மையாகக் காட்டிக்கொள்வதையாவது நிறுத்த வேண்டும்.